பட்டறை ட்ரில் மெசின் பாவிக்கிறவர்களுக்கு

வணக்கம் அண்ணைமார், தம்பிமார். கிளிநொச்சிப் பட்டறை ட்ரில் மெசினில் இப்போது மரவேலையும் இரும்புவேலையும் மாறி மாறி நடக்கிறது. அதனால் இந்தக் குறிப்பு.

கையுறை போட வேண்டாம். சுழலும் பிட் (துளைக்கும் அலகு) துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்தே இழுக்கும். தோளில் துவாய், நீளக்கை, மோதிரம் எல்லாம் அதே கதைதான். சாரத்தோடு வராதீர்கள், காற்சட்டை போடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

இரும்புத் தகட்டைக் கையால் பிடித்துத் துளைக்கவே கூடாது. பிட் மறுபக்கம் வெளிவரும் நேரத்தில்தான் அனேகமாகக் கொளுவும். தகடு காற்றாடி போலச் சுற்றும். வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) இறுக்குங்கள், பிட் வெளிவரும் நேரம் கைப்பிடியை மெல்ல இறக்குங்கள். நீளமான சட்டம் என்றால் மெசின் தூணின் இடப்பக்கத்தில் முட்டுகிற மாதிரி வையுங்கள். கொளுவினாலும் தூண் மறிக்கும், உங்கள் வயிறு தப்பும்.

10 மில்லிமீற்றர் பிட் என்றால் மென்னிரும்பில் நிமிடத்துக்கு 800 சுற்று அளவு, கொஞ்சம் எண்ணெயும் விடுங்கள். மரத்தில் அதைவிடக் கூட்டலாம். ஆனால் முதிரை, பாலை எல்லாம் வைரமான மரம். இடைக்கிடை பிட்டை மேலே எடுத்துத் தூளை வெளியேற்றாவிட்டால் புகையும். (பாலையில் அவசரப்பட்டால் பிட்தான் கருகும்.)

மரம் துளைத்தபின் இரும்புக்கு மாறுகிறவர்கள் முதலில் தூளைக் கூட்டி அள்ளுங்கள், சூடான இரும்புச் சுருள் விழுந்தால் பற்றும். வேகம் மாற்ற பெல்ட்டைத் தொட முதல் பிளக்கைக் கழற்றுங்கள். கரண்ட் போனால் சுவிட்சை நிறுத்திவிடுங்கள். சக்கை (பிட்டைப் பிடிக்கும் தலை) இறுக்கும் திறப்பைச் சக்கிலேயே விடாமல் ஆணியில் கொளுவுங்கள், சரியா?