சிமென்ட் வீடு பவளப்பாறை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன்வளத்துக்காகக் கடலில் இறக்கும் சிமென்ட் கட்டுமானங்களைச் ‘செயற்கைப் பவளப்பாறை’ என்று எழுதுவது பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது. காசிமேடு முதல் எண்ணூர் வரையுள்ள எங்கள் கடலில் இறக்கியவற்றுக்கும் அதே பெயர்தான். தயவுசெய்து அதை மாற்றுங்கள். அவை மீன்களுக்குக் கட்டிக் கொடுக்கும் வீடுகள், அவ்வளவே.

பவளம் ஓர் உயிரினம். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள பூப்போன்ற உடல், தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கிண்ணம் கட்டிக்கொள்கிறது. அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் ஆக்கித் தருவதுதான் அதன் உணவில் பெரும்பங்கு. அதனால் தெளிந்த நீர், கெட்டியான தரை, குறையாத உப்பு மூன்றும் வேண்டும். இங்கே இருப்பது மணல் தரை. ஐப்பசி, கார்த்திகையில் கொசஸ்தலையாற்று வெள்ளம் கலங்கலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. போதாததற்கு எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் வேறு. பவளக்குஞ்சு ஒட்டினாலும் வண்டல் மூடிவிடும்.

சிமென்ட் வீடு வீண் என்று சொல்ல வரவில்லை. ஒண்ட இடமில்லாத மணல் தரையில் அது பெரிய உதவி. இறக்கிய சில நாட்களில் வழுவழுப்பான படலம் படரும். பிறகு கொட்டலசு, சிப்பி, கடற்பஞ்சு வரும். அதை மேயச் சிறுமீனும், சிறுமீனைத் தேடிக் கலவானும் வந்து சேரும். ஆனால் சேற்றில் இறக்கினால் புதைந்துபோகும். கரையை ஒட்டிப் போட்டால் புயல் அலை புரட்டிவிடும். துளையில்லாத கட்டையில் மீன் நுழையாது. இழுவை மடி (தரையை ஒட்டி இழுக்கும் வலை) மாட்டிக்கொண்டால் வலைக்காரருக்கும் நஷ்டம். அறுந்த வலை அங்கேயே போர்த்திக் கிடந்து மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். மலிவென்று பழைய டயரை நாடவே கூடாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1970களில் ஏறத்தாழ 20 லட்சம் டயர்களைக் கடலில் போட்டார்கள். கட்டு அறுந்து, பக்கத்திலிருந்த நிஜப் பவளத்தின் மேலேயே அவை உருண்டன.

நம் மாநிலத்தின் நிஜப் பவளப்பாறை முக்கியமாக ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இருக்கிறது. பவளப்பாறை, அலையின் ஆற்றலைச் சராசரியாக 97 சதவீதம் குறைக்கும் என்று உலக அளவிலான ஆய்வு சொல்கிறது. கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டியும் அரிப்போடு மல்லுக்கட்டும் திருவொற்றியூர்க்காரர்களுக்கு இந்த இலவச அணையின் அருமை தெரியும். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததில் காப்பிழந்து, அந்த 21இல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. 2001இல் பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. ஆனால் உருண்டு திரண்டு வளரும் குண்டுப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ.தான் வளரும். கோடை உச்சத்தைவிடக் கடல்நீர் 1 டிகிரி கூடுதலாகச் சூடேறி நான்கு வாரம் நீடித்தாலே நுண்பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். அங்கே இழப்பதை இங்கே சிமென்ட்டால் ஈடுகட்டலாம் என்ற நினைப்பைத்தான் அந்தப் பெயர் வளர்க்கிறது.

இனி இத்தகைய செய்தி வெளியிடும்போது எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழம், தரை மணலா சேறா, ஜி.பி.எஸ். புள்ளி எது என்று கேட்டு அச்சிடுங்கள். ஃபைபர் படகுக்காரரும் விசைப்படகுக்காரரும் குறித்துவைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவொற்றியூர், சென்னை