விவரக்குறிப்பில் ‘சுமைப் பகிர்வு’ என்று எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆலைகளுக்குக் கட்டுப்பாட்டு அமைப்பு வாங்கும்போது தொழில்நுட்ப விவரக்குறிப்பு எழுதும் குழுவினருக்கு,

வணக்கம்.

நீங்கள் எழுதும் ஆவணத்தை வாசித்து, அதன்படி அமைப்பை வடிவமைத்துக் கொடுக்கும் பக்கத்தில் இருப்பவன் நான். சமீப வருடங்களில் அந்த ஆவணங்களில் ஒரு வாசகம் தவறாமல் வருகிறது. அமைப்பு பரவல் தரவு மாதிரியில் (தரவு ஒரே கணினியில் இல்லாமல் பல கருவிகளில் பிரிந்திருக்கும் முறை) இருக்க வேண்டும், சுமைப் பகிர்வு (வேலையைக் கருவிகளுக்கிடையே பிரித்துக் கொடுப்பது) தானாக நடக்க வேண்டும். அவ்வளவுதான். எந்தத் தரவு, யாருடைய சுமை, எதிலிருந்து எதற்குப் பகிர்வது என்று அடுத்த வரியில் ஒன்றும் இருக்காது. விற்பவர் ‘இணங்குகிறோம்’ என்று டிக் போட்டுவிடுவார். நீங்களும் அதற்கு மதிப்பெண் போட்டுவிடுவீர்கள். அந்த வரிக்கு என்ன பொருள் என்று இரண்டு தரப்பும் முதன்முதலாக யோசிப்பது, ஆலை டிரிப் ஆகி (பாதுகாப்புக்காகத் தானாக நின்று), கட்டுப்பாட்டு அறைத் திரைகள் உறைந்து நிற்கும் நாளில்தான்.

இந்த வாசகம் டேட்டா சென்டரிலிருந்து வந்தது. அங்கே ஒரே மாதிரியான சர்வர்கள் வரிசையாக நிற்கும். வருகிற கோரிக்கையை எது சும்மா இருக்கிறதோ அதன் தலையில் கட்டலாம். பதில் அரை நொடி தாமதித்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. சர்வருக்கென்று தனி நினைவும் பெரிதாக இல்லை, எல்லாம் பின்னால் உள்ள தரவுத்தளத்தில் இருக்கிறது. வால்வ், பம்புகளை இயக்கும் கணினியான கண்ட்ரோலர் வேறு சாதி. கொதிகலனின் டிரம் நீர்மட்டத்தைப் பிடித்து நிறுத்தும் ஒரு பிஐடி லூப்பை, அதாவது அளவைப் பார்த்து வால்வைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றை, எடுத்துக்கொள்ளுங்கள். அளவு செட்பாயிண்டிலேயே (நாம் வைத்த இலக்கிலேயே) நிற்கிறது, பிழை பூஜ்யம், ஆனாலும் வால்வ் 43 சதவீதம் திறந்திருக்கிறது. அந்த 43 எங்கிருந்து வருகிறது? இவ்வளவு நேரமாகப் பிழைகளைக் கூட்டிச் சேர்த்து வைத்திருக்கும் இன்டெக்ரல் தொகையிலிருந்து. இந்த லூப்பை ‘சுமை குறைவாக உள்ள’ இன்னொரு கண்ட்ரோலருக்குத் தூக்கிப்போட்டு, அங்கே அந்தத் தொகை பூஜ்யத்தில் தொடங்கினால், வால்வ் மூடப் போகும், நீர்மட்டம் இறங்கும், அடுத்தது டிரிப். இன்டெக்ரல், ஆட்டோவா மேனுவலா என்ற நிலை, செட்பாயிண்ட், கடைசியாக அனுப்பிய வெளியீடு ஆகிய அனைத்தும் ஒரே ஸ்கேனில் (கண்ட்ரோலரின் ஒரு கணக்குச் சுற்றில்) சேர்ந்து போனால்தான் வால்வ் குலுங்காது. ரிடண்டண்ட் ஜோடியாக (ஒன்று விழுந்தால் மற்றது ஏற்கும்படி) வாங்கும் கண்ட்ரோலர்கள் இந்த வேலையைத்தான் ஓயாமல் செய்துகொண்டிருக்கின்றன. வலைப்பின்னலில் எங்கோ இருக்கும் ஒரு கணினிக்கு அதையே செய்வது நடக்காத காரியம் இல்லை, ஆனால் இலவசமும் இல்லை. 2005இல் வெளிவந்த ஐஇசி 61499 தரநிலை ஃபங்ஷன் பிளாக்குகள் எனும் நிரல் துண்டுகளைப் பல கருவிகளில் பிரித்து வைக்க வழி தருகிறது, ஓடும்போதே மாற்றியமைக்கவும் இடம் கொடுக்கிறது. மாறுகிற அந்தக் கணத்தில் இன்டெக்ரல் என்ன ஆகும் என்பதை மட்டும் புரோகிராம் எழுதுபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பரவல் என்பது இந்தத் துறைக்குப் புதிதும் இல்லை. 1975இல் ஹனிவெல்லின் டிடிசி 2000, யோகோகாவாவின் சென்டம் இரண்டும் வந்தபோதே, ஒற்றைப் பெரிய கணினியை நம்பாமல் லூப்புகளைச் சின்னச் சின்ன கண்ட்ரோலர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. ஒன்று செத்தால் அதன் லூப்புகள் மட்டும் போகும் என்பதுதான் அதன் பயனே. எந்த லூப் எந்தக் கண்ட்ரோலரில் என்று வடிவமைப்பு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்வதே ஒரு சுமைப் பகிர்வுதான், அதுவும் நன்றாக வேலை செய்கிற ஒன்று. ஆகவே முதல் வேண்டுகோள்: லூப்புகளை ஓடும்போது இடம் மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால், எந்த நிலைத்தரவு எத்தனை மில்லிநொடிக்குள் கூடவே போக வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

சரி, அப்படியானால் சுமை எங்கே இருக்கிறது? பெரும்பாலும் வாசிக்கிறவர்களிடம். ஒரு மட்டமானியின் மதிப்பை ஆபரேட்டரின் திரையான எச்எம்ஐ கேட்கிறது, பழைய மதிப்புகளைச் சேமிக்கும் ஹிஸ்டோரியன் கேட்கிறது, அறிக்கை மென்பொருள் கேட்கிறது, பராமரிப்புப் பிரிவு தனியாக வாங்கிய மென்பொருள் கேட்கிறது, மேலாளரின் டாஷ்போர்டும் கேட்கிறது. எல்லாரும் நேரே கண்ட்ரோலரிடமே கேட்கிறார்கள். 1979இல் பிறந்த மோட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறை இன்னும் ஓடும் ஒரு சீரியல் கம்பியில் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே கேள்வியில் அதிகபட்சம் 125 ரெஜிஸ்டர் (மதிப்பு இருக்கும் நினைவக இடம்) கேட்கலாம். கேள்வி 8 பைட், பதில் 255 பைட், பைட்டுக்கு 11 பிட். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் இது 0.3 நொடி. கருவி யோசிக்கும் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. பத்துக் கருவி என்றால் ஒரு சுற்றுக்கு 3 நொடி. அந்தக் கம்பியை வலைப்பின்னலோடு இணைக்கும் ஒரே கேட்வே வழியாக மூன்று மென்பொருள்கள் தனித்தனியாக அதே ரெஜிஸ்டர்களைக் கேட்டால் 9 நொடி. திரையில் ‘1 நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்’ என்று எழுதியிருக்கும், உள்ளே எண் 9 நொடிக்கு ஒருமுறைதான் மாறும். இதற்கு இன்னொரு சர்வர் வாங்கிப் போட்டால் கேட்கிறவர் நான்காகும். அவ்வளவுதான் மிச்சம்.

இங்கேதான் தரவு மாதிரி உதவிக்கு வருகிறது. ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஓர் உரிமையாளர், மற்றவர்களிடம் இருப்பது நகல். உரிமையாளர் ஒருமுறை வெளியிடுவார், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள், எத்தனை பேர் எடுத்தாலும் கண்ட்ரோலரின் வேலை கூடாது. எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை 1999இல் செயற்கைக்கோள் வழியாக எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க உருவானபோது இருந்த யோசனை இதுதான். ஆலைக் கருவிகள் தரவு பரிமாறும் தரநிலையான ஓபிசி யுஏவிலும் 2018இல் வெளியிடு–பெறு முறை சேர்ந்துவிட்டது. கருவிகள் இருக்கின்றன. யார் உரிமையாளர் என்று எழுதித்தரும் அட்டவணைதான் எந்த டெண்டரிலும் இல்லை. அலாரம் வரம்பை எடுத்துக்கொள்ளுங்கள்: பிஎல்சியில் (ஒருவகைக் கண்ட்ரோலர்) ஒன்று, எச்எம்ஐயில் ஒன்று, ஹிஸ்டோரியனில் ஒன்று. ஷிப்ட் நடுவில் யாரோ எச்எம்ஐயில் 80ஐ 85 ஆக்குகிறார். பிஎல்சி இன்னும் 80இலேயே பம்பை நிறுத்துகிறது. எது சரி என்று கேட்டால் மூன்று பேரிடமிருந்து மூன்று பதில் வரும். அதேபோல் ஒரு செட்பாயிண்டை எழுதும் உரிமை ஒரு நேரத்தில் யாருக்கு? இரண்டு கண்ட்ரோலர்களுக்கு இடையே கம்பி அறுந்து, ‘அவன் செத்துவிட்டான், இனி நான்தான்’ என்று இரண்டுமே நினைத்துக்கொண்டால் ஒரே வால்வுக்கு இரண்டு கட்டளைகள் வரும். அப்போது யார் ஒதுங்க வேண்டும் என்பதை விற்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிடாதீர்கள்.

நகல் என்றால் அதற்கு வயது உண்டு. ஓபிசி யுஏவில் ஒரு மதிப்புடன் அதை நம்பலாமா என்ற தரக் குறியீடும், மூலத்தில் பதிந்த நேரமும், சர்வர் பதிந்த நேரமும் சேர்ந்து வர இடம் இருக்கிறது. நடுவில் உள்ள யாராவது மூல நேரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் கைக்கு வந்த நேரத்தை ஒட்டிவிட்டால், எந்த பிரேக்கர் முதலில் திறந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. பழைய மதிப்பு திரையில் புதியது போலவே பச்சையாக நிற்பது அதைவிட மோசம். மூல நேரம் கடைசித் திரை வரை மாறாமல் வர வேண்டும், குறிப்பிட்ட வயதைத் தாண்டிய எண் நிறம் மாற வேண்டும். இந்த இரண்டையும் எழுத ஒரு பத்தி போதும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். உங்கள் ஆவணங்கள் சுமையைச் சராசரியில் கேட்கின்றன: ‘கண்ட்ரோலர் சுமை 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.’ எப்போது? எல்லாம் அமைதியாக ஓடும் மதியமா? மாறினால் மட்டும் அனுப்பு என்ற முறையும் டெட்பேண்டும் (சிறு மாற்றங்களைப் பொருட்படுத்தாத வரம்பு) இந்தச் சராசரியை மிக அழகாகக் காட்டும். ஆனால் மின்சாரம் ஒரு கணம் தடுமாறினால் எல்லா மதிப்பும் ஒரே நேரத்தில் மாறும், எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். அறுந்த இணைப்பு திரும்பியதும் தரவு வாங்கும் எல்லா மென்பொருள்களும் ஒன்றாக வந்து மறுபடி சந்தா (தொடர்ந்து அனுப்பும்படி பதிவு) கேட்கும், தேங்கிக் கிடந்த பழைய தரவும் ஒரே மூச்சில் கொட்டும். நல்ல நாளை இன்னும் நல்லதாக்கிக் காட்டி, கெட்ட நாளை அப்படியே விட்டுவைக்கும் முறை அது. மதிப்பு மாறினாலும் மாறாவிட்டாலும் சுழற்சிமுறையில் அனுப்புவது வீண் என்று தோன்றும், ஆனால் அதன் சுமை எல்லா நாளும் ஒன்றுதான். லூப்புக்கும், ஆபத்தான இயக்கத்தைத் தடுக்கும் இன்டர்லாக்குக்கும் தேவையான சில தரவுக்கு அந்த ‘வீண்’ வேண்டும் என்பேன் நான்.

60 சதவீதம் என்ற எண்ணும் யோசித்துப் போட்டதாகத் தெரியவில்லை. லியூ, லேலண்ட் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் 1973இல் காட்டியபடி, அடிக்கடி ஓடும் பணிக்கு அதிக முன்னுரிமை என்ற நிலையான ஏற்பாட்டில், பணிகள் எத்தனை இருந்தாலும் கெடு தவறாது என்று உறுதி சொல்லக்கூடிய எல்லை ஏறக்குறைய 69 சதவீதம். அதுவும் ஒவ்வொரு பணியின் மிக மோசமான ஓட்ட நேரத்தை வைத்துப் போட்ட கணக்கு. சராசரி நேரத்தை வைத்து 60 என்பது எதற்கும் உறுதி ஆகாது.

நடந்தவற்றைப் பாருங்கள். 1994 ஜூலையில் பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் வந்து விழுந்தன. 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் சுமார் 5 கோடிப் பேரை இருட்டில் தள்ளிய மின்தடைக்கு முன்பு, ஒஹாயோவில் ஒரு மின் நிறுவனத்தின் அலாரம் மென்பொருள் சத்தமில்லாமல் முடங்கியது. மதியம் 2.41க்கு முதன்மை சர்வர் விழுந்தது. ஃபெயில்ஓவர் (மாற்று சர்வருக்குத் தாவும் ஏற்பாடு) சொன்னபடி வேலை செய்தது: முடங்கிக் கிடந்த அந்த மென்பொருளை அப்படியே மாற்று சர்வருக்குக் கொண்டுபோனது. 2.54க்கு அதுவும் விழுந்தது. வழக்கமாகச் சில நொடிகளில் மாறும் திரைகள் 59 நொடி வரை எடுத்துக்கொண்டன. இரண்டு சர்வரும் ஒரே மென்பொருள், ஒரே பிழை, ஒரே வரிசையில் தேங்கிய தரவு. ஆவணத்தில் ரிடண்டன்சி பக்கம் நிச்சயம் டிக் இருந்திருக்கும்.

2006 ஆகஸ்ட் 19 அன்று அலபாமாவின் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில் மூன்றாம் அலகை ஆபரேட்டர்கள் கையால் நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டு மறுசுழற்சி பம்புகளும் நின்றுவிட்டன. அவற்றின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் வலைப்பின்னலில் வந்த அளவுக்கு மீறிய போக்குவரத்தைத் தாங்காமல் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தன. அந்தத் தரவு அவற்றுக்குத் தேவையே இல்லை. கம்பியில் வந்ததால் வாங்கிப் பார்த்தன, திணறின. பரவல் என்ற பெயரில் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைக்கச் சொல்லும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நெருக்கடியில் எதை முதலில் கைவிடுவது என்ற வரிசை எழுத்தில் வேண்டும். டாஷ்போர்டு முதலில் போகட்டும், அப்புறம் அறிக்கைகள், அப்புறம் ஹிஸ்டோரியன். ஹிஸ்டோரியன் தரவு உள்ளூரில் தேங்கி, பிறகு கட்டுப்படுத்திய வேகத்தில் வந்து சேரலாம். ஆபரேட்டரின் திரையும் அவர் கொடுக்கும் கட்டளையும் போகவே கூடாது. பாதுகாப்பு அமைப்பு இந்தப் பேச்சிலேயே வராது, அது தனியாக நிற்க வேண்டும். இந்த வரிசையை நீங்கள் எழுதாவிட்டால், எந்த பஃபர் (தரவின் தற்காலிகத் தேக்கிடம்) முதலில் நிரம்புகிறதோ அது எழுதிவிடும்.

விலை கூடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். கூடும்தான். சராசரியில் ஓடிக்கொண்டிருந்த கண்ட்ரோலரை உச்சத்துக்குத் தகுந்தபடி தேர்ந்தெடுத்தால் பெரியது வாங்க வேண்டியிருக்கும். சிலவற்றில் லூப்புகளைக் குறைக்க வேண்டியிருக்கும். இன்னொரு பக்கம், யாரும் பயன்படுத்தாத டேக்குகளை (பெயரிட்ட தரவுப் புள்ளிகளை) வாசிப்பதை நிறுத்தியே பாதிச் செலவை மிச்சம் பிடிக்கிற ஆலைகளும் இருக்கும்.

கடைசியாக ஏற்புச் சோதனை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடும் சோதனை இதற்குப் போதாது. எல்லா டேக்கும் ஒரே நேரத்தில் மாறும்படி சிமுலேட்டரை ஓட்டுங்கள். அது ஓடும்போதே ஒரு சுவிட்சை அணையுங்கள், முதன்மை சர்வரின் கம்பியைப் பிடுங்குங்கள், இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பச் செருகுங்கள். வால்வ் வெளியீடு எவ்வளவு குதித்தது, லூப்பின் ஸ்கேன் எத்தனை மில்லிநொடி நீண்டது என்று பதிவு செய்யுங்கள். அந்த நேரம் முழுக்க, விற்பவரின் பொறியாளர் ஒதுங்கி நிற்கட்டும்; திரைக்கு முன்னால் உங்கள் ஷிப்ட் ஆபரேட்டர்கள் உட்காரட்டும். ஒரு பம்பை நிறுத்து என்று அவர்கள் அழுத்தியதிலிருந்து ‘நின்றது’ என்று திரை காட்டும்வரை எத்தனை நொடி ஆனது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். அந்த எண்ணுக்கு உச்சவரம்பு என்ன என்பதை டெண்டர் விடும்போதே சொல்லிவிட்டால், அதற்கு எப்படி வடிவமைப்பது என்பதை எங்களைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கட்டுப்பாட்டு அமைப்புப் பொறியாளர் ஒருவர்