எங்க கூட்டிட்டுப் போறீங்கன்னு சொல்லிட்டாவது போங்க சார்

சென்னை மாநகராட்சி ஆபீஸ் ரிப்பன் பில்டிங் வாசல்ல 2025 ஆகஸ்ட் 13 ராத்திரி பந்தோபஸ்துல இருந்த காவல்துறை ஐயாமாருங்களுக்கும், அவங்களுக்கு ஆர்டர் போட்ட பெரிய ஆபீசருங்களுக்கும்,

வணக்கம். என்ன நடந்துச்சுன்னு முதல்ல இருந்து சொல்லப்போறதில்ல, நீங்கதான் அங்க இருந்தீங்களே. அஞ்சாவது மண்டலத்துலயும் ஆறாவது மண்டலத்துலயும் குப்பை அள்ளுற வேலை தனியாருக்குப் போனது, அத எதுத்து ஒண்ணாந்தேதில இருந்து எங்கம்மா மாதிரி தூய்மைப் பணியாளர் ஜனங்க பிளாட்பாரத்துல உக்காந்தது, பதிமூணாவது நாள் ஹைகோர்ட் ஆர்டர் வந்தது, அமைச்சருங்க பேசிப் பாத்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். கோர்ட் ஆர்டர நிறைவேத்துனோம்னு சொல்வீங்க. சரி, அத நான் கேக்கல. நடைபாதைய காலி பண்ணுங்கன்னு கோர்ட் சொல்லுச்சு, பண்ணீங்க. காலி பண்ணதுக்கு அப்புறம் அந்த ஜனங்கள என்ன பண்ணீங்கன்றதுதான் என் லெட்டரு.

இத இப்ப எழுதுறதுக்குக் காரணம் போன ஞாயித்துக்கிழமை. செங்குன்றத்துல அக்கா வீட்டுக்குப் போலாம்னு கிளம்புனோம். காலைல எழுந்ததுல இருந்து அம்மா ஒரு வாய் தண்ணி குடிக்கல. காபி வச்சுக் குடுத்தா அதயும் தொடல. சுகர் இருக்கு, வெயில்ல போறோம், கொஞ்சம் குடின்னு சொன்னா, "பஸ்ல போவணும்ல, வேணாம்"னு சொல்லுச்சு. செங்குன்றம் என்ன டெல்லிலயா இருக்கு? எங்க ஏரியால இருந்து ஒரு மணி நேரம் கூட ஆவாது. எனக்கு ஒரு நிமிஷம் புரியல. புரிஞ்சதுக்கு அப்புறம் பஸ் ஸ்டாப்புல நிக்கவே முடியல சார்.

அன்னிக்கு ராத்திரி பத்தரை மணி வாக்குல நான் அங்க வந்தேன். நான் போராட்டக்காரன் கூட இல்ல, மொபைல் சர்வீஸ் கடைல வேலை, கடைய சாத்திட்டு அம்மாக்கு தயிர் சாதமும் சுகர் மாத்திரையும் எடுத்துட்டு வருவேன், பதிமூணு நாளும் அதான் பண்ணேன். (போராட்டக்காரனா இருந்தா மட்டும் என்ன தப்புன்னு கேக்கலாம், கேக்கணும், அது வேற.) டிபன் பாக்ஸ மட்டும் அம்மா கைல குடுத்தேன், மாத்திரை சட்டை பாக்கெட்டுல இருந்துச்சு, சாப்ட்டதும் குடுக்கலாம்னு. அதுக்குள்ள மைக்ல அறிவிப்பு வந்துச்சு, கொஞ்ச நேரத்துல சுத்தி பேரிகேடு, வரிசையா பஸ்ஸு. எல்லாரும் ஒருத்தர் கைய ஒருத்தர் கோத்துக்கிட்டு உக்காந்தாங்க. கல்லு எடுத்தாங்களா, கட்ட எடுத்தாங்களா? அவங்ககிட்ட இருந்த ஆயுதம் அம்பேத்கர் படமும் பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலும்தான். அம்பது வயசு அறுபது வயசு பொம்பளைங்கள ரெண்டு பேர் கைய, ரெண்டு பேர் கால புடிச்சுத் தூக்குறத நான் மூட்டை தூக்குற இடத்துலதான் பாத்திருக்கேன்.

என்ன ஒருத்தர் காலரப் புடிச்சு இழுத்து ஒரு பஸ்ல ஏத்துனாரு. சாப்பாடு குடுக்க வந்தேன் சார்னு சொன்னேன், "எல்லாருந்தாண்டா சாப்பாடு குடுக்க வந்தீங்க"ன்னாரு. முதுகுல ரெண்டு விழுந்துச்சு. அது பரவால்ல, ஆறிடுச்சு. யார் அடிச்சாருன்னு புகார் எழுத நெனச்சேன், எழுத முடியல, ஏன்னா சட்டைல பேர் இல்ல. பேட்ச் இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு சின்ன ஓட்ட மட்டும் இருந்துச்சு, அவ்வளவு கிட்ட இருந்துதான் பாத்தேன்.

இப்ப மெயின் மேட்டருக்கு வரேன். அம்மா ஒரு பஸ்ல. நான் வேற பஸ்ல. மாத்திரை என் பாக்கெட்டுல.

எங்க போறோம்னு கேட்டேன். "மேல இருந்து சொல்வாங்க." லேடீஸ் எல்லாம் எங்க? "வேற வண்டி." அந்த வண்டி எங்க போவுது? "தம்பி, கம்முனு உக்காரு." எங்கம்மாக்கு மாத்திரை குடுக்கணும் சார்னு நாலாவது தடவ சொன்னப்போ ஒருத்தர் சொன்னாரு, ஒரு வேளை மாத்திரை போடலன்னா ஒண்ணும் செத்துட மாட்டாங்கன்னு. கரெக்டுதான் சார். சாகல. போன ஸ்விட்ச் ஆஃப் பண்ணி வாங்கி வச்சுக்கிட்டீங்க. ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே வந்தேன், சைதாப்பேட்டை பாலம் ஒரு தடவ வந்துச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பவும் அதே பாலம் வந்துச்சு. எங்க இறக்குறதுன்னு உங்களுக்கே முடிவாவலயா, இல்ல எங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு சுத்துனீங்களா? வீட்டுல இருந்த தங்கச்சி என் நம்பருக்கு நாப்பத்தாறு தடவ அடிச்சிருக்கா, மறுநாள் போன் ஆன் பண்ணப்போதான் மெசேஜ் வந்துச்சு. பக்கத்து வீட்டு அண்ணன் வண்டில ஏறி ரெண்டு ஸ்டேஷனுக்குப் போயிருக்கா, ரெண்டு எடத்துலயும் "இங்க யாரும் இல்லம்மா"ன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. பொய் சொல்லல, அங்க யாரும் இல்லதான். ஆனா எங்க இருக்காங்கன்னு சொல்ல சென்னைல ஒருத்தர் கூடவா இல்ல?

அம்மா பஸ்ல நாப்பது பொம்பளைங்க இருந்திருப்பாங்களாம். மத்தியானத்துல இருந்தே நிறைய பேர் பாத்ரூம் போகல, எடத்த விட்டு எழுந்து சென்ட்ரல் பக்கம் போனா திரும்ப உள்ள விட மாட்டாங்களோன்னு பயம். பஸ்ஸு கிளம்பி அரை மணி நேரத்துல ஆரம்பிச்சிருக்காங்க, "சார் எங்க இட்டுனு போறீங்க, ஒரு அஞ்சு நிமிசம் நிறுத்து சார்"னு. "அடக்கிக்கோங்கம்மா, இதோ வந்துடும்." இதோ வந்துடும்னு சொல்லி ரெண்டரை மணி நேரம். சுகர் இருக்கறவங்களுக்கு அடக்குறதுன்னா என்னன்னு உங்க வீட்டுலயும் யாருக்காவது இருக்கும், கேட்டுப் பாருங்க. ஒரு அக்காவால முடியல, உக்காந்த எடத்துலயே ஆயிடுச்சு. பக்கத்துல இருந்தவங்க ஒண்ணும் சொல்லல, ஒருத்தங்க துண்டு எடுத்து மடில போட்டுவிட்டாங்களாம். இத அம்மா எங்கிட்ட ரெண்டு வாரம் கழிச்சுதான் சொல்லுச்சு. "ஒரு அக்கா"ன்னுதான் சொல்லுச்சு. நான் யாரு என்னன்னு மேல கேக்கல.

பதினாலு வருஷமா இந்த ஊர்ல அடுத்தவங்க அசிங்கத்த அள்ளுன கை சார் அது. 2015 வெள்ளம் வடிஞ்சப்போ செத்த மாடு, நாய், சாக்கடை சேறு எல்லாம் இவங்கதான் அள்ளுனாங்க. கொரோனால நீங்களும் இவங்களும்தான் ரோட்டுல இருந்தீங்க, முன்களப் பணியாளர்னு ரெண்டு பேருக்கும் ஒரே பட்டம், ரெண்டு பேர் தலைலயும்தான் பூ தூவுனாங்க. மிக்ஜாம் புயலப்போ முட்டி அளவு தண்ணில நின்னு அடைப்பு எடுத்தாங்க. ஆம்பள பொம்பள வித்தியாசம் இல்லாம இந்த ஊரே எங்கெங்க ஒண்ணுக்குப் போவுதுன்னு அவங்களுக்குத் தெரியும், பிளீச்சிங் பவுடர் போடுறது அவங்கதானே. அவங்களுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் வண்டி நிறுத்த முடியல.

எல்லாரையும் ஒரே தட்டுல வைக்கல. அந்த பஸ்ல ஒரு லேடி கான்ஸ்டபிள் இருந்திருக்காங்க, சின்னப் பொண்ணாம். கடைசில ஒரு மண்டபத்துல இறங்குனதும் கேட் பக்கத்துலயே உக்காருங்கன்னு யாரோ சொல்ல, அந்தப் பொண்ணு "முதல்ல பாத்ரூம் அனுப்புங்க சார்"னு கத்தியிருக்கு, அம்மா கையப் புடிச்சு அதுவே பின்னாடி கூட்டிட்டுப் போயிருக்கு. அங்க இருந்தது ரெண்டு பாத்ரூம், ஒண்ணுல தாப்பா இல்ல. அம்மா உள்ள இருந்தப்போ அது கதவப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சாம், அப்புறம் அது உள்ள போனப்போ அம்மா புடிச்சுக்கிட்டு நின்னுச்சாம். "எனக்கும் நாலு மணில இருந்து இதே நெலமதாம்மா, டூட்டிலயே நிக்கிறேன்"னு சொல்லியிருக்கு. அம்மா இப்பவும் அந்தப் பொண்ணப் பத்தி பேசுது, பாவம் கல்யாணம் ஆயிடுச்சோ இல்லயோன்னு. பெரிய ஆபீசருங்க இத கொஞ்சம் கவனிங்க, உங்க லேடீஸ் ஸ்டாஃபுக்கே நிறுத்தாத வண்டி எங்களுக்கு எப்படி நிக்கும்?

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ஒருத்தர வண்டில ஏத்துறீங்கன்னா எங்க கூட்டிட்டுப் போறீங்கன்னு அங்கயே சொல்லுங்க. அவங்களுக்கும் சொல்லுங்க, வீட்டுல ஒருத்தருக்கும் சொல்லுங்க. இது நான் புதுசா கேக்கல, டி.கே. பாசு வழக்குல சுப்ரீம் கோர்ட் 1996லயே சொல்லியிருக்கு, கைது பண்றவங்க பேர் தெளிவா தெரியற மாதிரி பேட்ச் போட்டிருக்கணும், புடிச்சவங்கள எங்க வச்சிருக்கோம்னு சொந்தக்காரங்க ஒருத்தருக்காவது தகவல் சொல்லணும்னு. அந்தத் தீர்ப்பு வந்தப்போ நான் பொறக்கவே இல்ல. 2024 ஜூலைல இருந்து புது சட்டம் வேற வந்திருக்கு, பேர்தான் நமக்கு வாய்ல நுழையாது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதுலயும் 43ன்னு ஒரு பிரிவு இருக்கு, சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம் விடியறதுக்குள்ள பொம்பளைங்கள சாதாரணமா கைது பண்ணக்கூடாது, அவசியம்னா லேடி ஆபீசர் எழுதிக் குடுத்து மாஜிஸ்திரேட் அனுமதி வாங்கணும்னு. இத நீங்க டிரெயினிங்ல படிச்சிருப்பீங்க, நான் ராத்திரி போன்ல படிச்சேன். "நாங்க கைதே பண்ணலயே, அப்புறப்படுத்துனோம்"னு ஒரு பதில் வரும்னு எனக்குத் தெரியும். கைது இல்லன்னா போன எதுக்கு சார் வாங்குனீங்க, கேட்ட எதுக்கு சாத்துனீங்க? அப்புறப்படுத்துறதுன்னா பிளாட்பாரத்துல இருந்து எழுப்பி, சென்ட்ரல் ஸ்டேஷன் எதுக்கத்தான் இருக்கு, வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பணும்.

மறுநாள் காலைல மண்டபத்துல பொங்கல் குடுத்தீங்க, அது நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்லல. அன்னிக்கே கேபினட் கூடி தூய்மைப் பணியாளர்களுக்கு இலவச காலை உணவுன்னு அறிவிச்சாங்க, இன்சூரன்ஸ், வீடு, கடன் எல்லாம் சேத்து. டிவில ஓடுச்சு. மண்டபத்துல பேப்பர் பிளேட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருந்த எங்களுக்குத்தான் அந்தத் திட்டத்த முதல்ல தொடங்கி வச்ச பெருமை. அவங்க கேட்டது சாப்பாடு இல்ல. மாசம் வாங்கிட்டிருந்த இருபத்திரெண்டாயிரத்து சொச்சம் கம்பெனிக்குப் போனா பதினாறாயிரம் ஆவும்னு சொல்றாங்களே, அது ஆவக்கூடாதுன்னுதான் கேட்டாங்க. அதுக்கு அடுத்த நாள் சுதந்திர தினம். வேணாம், அதப் பத்தி எழுதுனா நான் வேற எங்கயோ போயிடுவேன்.

பொது மக்களுக்கு இடைஞ்சல்னு ஒரு வார்த்தை இருக்கே, அது யாருக்கு மட்டும் பொருந்தும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுத்தா எங்களுக்கும் வசதியா இருக்கும். கட்சிக்காரங்க கூட்டம் போட்டா பாதி ரோட்டுக்கு மேடை, மீதி ரோட்டுக்குக் கொடிக்கம்பம், நீங்களே நின்னு டிராபிக்க மாத்தி விடுறீங்க. கூட்டம் முடிஞ்ச ராத்திரி அந்தக் குப்பைய யாரு அள்ளுறா? எங்கம்மா. 2017ல மெரினா ஜல்லிக்கட்டு போராட்டத்துலயும் இப்படித்தான், ஒரு வாரம் அமைதியா இருந்த பசங்கள ஜனவரி 23 விடியக்காலைல எழுப்பி விரட்டுனீங்க, மத்தியானம் நடுக்குப்பம் மீன் மார்க்கெட்டே எரிஞ்சு கெடந்துச்சு. தூத்துக்குடில 2018ல ஸ்டெர்லைட் போராட்டத்துல போலீஸ் சுட்டு பதிமூணு உசுரு போச்சு, கமிஷன் போட்டாங்க, ரிப்போர்ட் வந்துச்சு, அவ்வளவுதான். அத நெனச்சா நாங்க எல்லாம் குடுத்து வச்சவங்க, எங்களுக்கு பஸ்ல ஊர் சுத்திக் காட்டி காலைல பொங்கலும் போட்டு அனுப்புனீங்க.

மன்னிச்சுக்கோங்க, எங்கயோ போயிட்டேன். சண்டை போட இத எழுதல. உங்க வீட்டு வாசல்லயும் காலைல விசில் அடிச்சு வண்டி தள்ளிட்டு வரது எங்கம்மா மாதிரி ஒருத்தங்கதான், எங்க தெரு பிரச்சனைக்கு நாங்க ஓடி வரதும் உங்ககிட்டதான், ஒருத்தர விட்டு ஒருத்தர் இருக்க முடியாது. அதனால தாழ்மையா கேட்டுக்கறேன். அடுத்த தடவ (கண்டிப்பா இருக்கும், பிரச்சனை எதுவும் தீரல) வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி எந்த மண்டபம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, மாத்திரை இருக்கறவங்களுக்கு மாத்திரை போய்ச் சேர விடுங்க, வழில ஒரு எடத்துல நிறுத்துங்க, சட்டைல பேர் போட்டுக்கிட்டு வாங்க. இதுக்கு கவர்மென்ட்டுக்கு ஒரு ரூபா செலவில்ல.

இன்னொரு விஷயம். அந்தத் தள்ளுமுள்ளுல அம்மாவோட டிபன் பாக்ஸ் பஸ்லயே விட்டுப் போச்சு. ரெண்டு அடுக்கு எவர்சில்வர், மேல் மூடி ஓரத்துல கொஞ்சம் நசுங்கியிருக்கும், அடில அம்மா பேரோட முதல் மூணு எழுத்து வெட்டியிருக்கும், தாத்தா வாங்கிக் குடுத்தது. தயிர் சாதத்த அப்படியே விட்டதால நாறிப்போயிருக்கும், யாராவது தூக்கிப் போட்டிருந்தாலும் தப்பில்ல. ஒருவேள எந்த ஸ்டேஷன்லயாவது, டிப்போலயாவது இருந்தா சொல்லி அனுப்புங்க, நானே வந்து வாங்கிக்கிறேன். எங்க வரணும்னு மட்டும் கரெக்டா சொல்லுங்க.

இப்படிக்கு,
ஆறாவது மண்டலத்துல பதினாலு வருஷம் வேலை பாத்த ஒரு தூய்மைப் பணியாளரோட மகன்