வெள்ளியைக் காட்ட இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொலைநோக்கியில் வானம் காட்டுபவர்கள் நன்றாக இருட்டட்டும் என்று காத்திருப்பது வழக்கம். வெள்ளிக் கிரகத்துக்கு அது ஒத்துவராது. கறுத்த வானில் அதன் ஒளி கண்ணைக் கூசவைத்து, நிலவைப் போன்ற அதன் பிறை வடிவம் வெறும் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். அதற்குள் மேற்கே தாழ்ந்தும் விடுவதால், தடித்த காற்றில் ஒளி பிரிந்து ஒரு விளிம்பு சிவப்பாகவும் மறு விளிம்பு நீலமாகவும் ஆகிவிடும். பழியோ, பாவம், தொலைநோக்கி மேல்!

சூரியன் மறைய அரை மணிக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு 9 டிகிரிக்குள் இருப்பது நெல்லைக்குப் பெரிய வசதி. வெள்ளி சூரியனைவிட்டு மிக விலகி நிற்கும் 2026 ஆகஸ்ட் 15 அன்று, சூரியன் மறையும்போது இங்கே அது சுமார் 40 டிகிரி உயரத்தில் இருக்கும், லண்டனில் 12தான். பொதிகை மலை மறைக்குமோ என்ற கவலை வேண்டாம்.

பகலில் தேடுவதற்கு, முந்தைய இரவே நிலவிலோ நட்சத்திரத்திலோ ஃபோகஸ் வைத்து, ஃபோகஸரின் (ஃபோகஸைச் சரிசெய்ய நகரும் பகுதி) குழாயில் பென்சில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஃபோகஸ் விலகினால் எதிரே இருந்தாலும் வெள்ளி தெரியாது. சூரியனைச் சுவர் மறைக்கும் இடத்தில்தான் நிற்க வேண்டும். தொலைநோக்கி சூரியன் பக்கம் திரும்பினால் பார்வையே போய்விடும். முதலில் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டுத் தேடி, பிறகு 100 மடங்கு பெரிதாக்கலாம். மொட்டைமாடி கான்கிரீட் வெயிற்சூட்டை உமிழ்ந்து பிம்பத்தை நெளியவைக்கும், மண்தரையே நல்லது. ஆடிக் காற்றுக்கு அதே சுவர் மறைப்பு உதவும்.

படமெடுப்பவர்களுக்கு: சாதாரண ஒளியில் வெள்ளியின் மேகங்களில் எதுவும் தெரியாது. புற ஊதாவில், 350 நானோமீட்டர் அலைநீள அளவில்தான் கரும்பட்டைகள் வரும். அதற்குக் கண்ணாடிவில்லைத் தொலைநோக்கியைவிட 150 மி.மீ. நியூட்டோனியன் (ஆடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) ஏற்றது; பிம்பத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் புற ஊதாவை விழுங்கும், கலர் கேமராவும் அப்படியே. கருப்பு வெள்ளை கேமரா வேண்டும். விலை குறைந்த ஊதா நிற ஃபில்டர் அகச்சிவப்பைக் கசியவிடும். அகச்சிவப்பைத் தடுக்கும் ‘ஐஆர் கட்’ ஃபில்டரையும் சேர்க்காவிட்டால் பட்டைகள் கழுவப்பட்டுவிடும். மூன்று நிமிட வீடியோவில் சிறந்த 15 சதவீத ஃபிரேம்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினால் போதும். 1957-இல் இந்த மேகங்கள் நான்கு நாளில் சுற்றிவருவதைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் சார்ல் புவாயேயும் ஓர் அமெச்சூர்தான்.

ஆகவே பள்ளிகள் ஆகஸ்ட் நிகழ்ச்சிகளை மாலை 6 மணிக்கே தொடங்கலாம். செப்டம்பர் கடைசியில் பிறை மெலிந்து பெரிதாகி, பைனாகுலரிலேயே தெரியும். அக்டோபர் 24-இல் வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் நடுவே வருகிறது. அதை ஒட்டிய வாரங்களில் பகல் தேடலைக் கைவிடுங்கள்.

வானோக்கும் ஆர்வலர்கள்,
பாளையங்கோட்டை