பத்து வருடம் ஆனாலும் விடாத வழக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அக்கா மகன் கல்லூரிக் காலத்தில் ஓர் அடிதடி வழக்கில் சிக்கினான். நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்னாலும், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட்டது. சரி, முடிந்தது என்றிருந்தோம். பத்து வருடம் கழித்து, கிடைத்த வேலை போலீஸ் சரிபார்ப்பில் போனது.

அப்புறம்தான் ஒரு வக்கீலைப் பார்த்தோம். 1958-ம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 12-வது பிரிவு, இப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறதாம். இதைத் தீர்ப்பு வந்த அன்றே யாராவது சொல்லியிருக்கலாம்! ஆனால் குற்றவாளி என்ற போலீஸ் பதிவு அப்படியேதான் இருக்கும். சிறார்களுக்காவது 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் பெரும்பாலான வழக்குகளில் ஆவணத்தையே அழிக்கச் சொல்கிறது. பெரியவர்களுக்கு அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. சிங்கப்பூரில் சிறு தண்டனை பெற்றவர் ஐந்து வருடம் வம்புதும்பு இல்லாமல் இருந்தால், பெரும்பாலும் அந்தப் பதிவு காலாவதியாகிவிடும். இங்கே ஏன் கூடாது?

வக்கீலுக்குக் காசில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே கிடையாது. தொலைபேசி எண் 15100.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை