மேகசினைக் கழற்றினால் போதாது

ஆசிரியருக்கு,

முதன்முறையாகக் கைத்துப்பாக்கி வாங்குவோருக்கான உங்கள் கட்டுரை எந்த மாடல், எத்தனை தோட்டா என்பதோடு நின்றுவிட்டது. பூட்டுப் பெட்டி, காதுக்கவசம், பயிற்சி ஆகியவற்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டாமா? சின்னது என்றால் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். அதே 9 மி.மீ. தோட்டாவுக்கு, எடை குறைந்த துப்பாக்கிதான் கையில் அதிகம் உதைக்கும்.

அப்புறம், மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டியை, கழற்றியதுமே துப்பாக்கி காலி என்று நம்புவதுதான் பெரிய ஆபத்து. குழலின் பின்முனையில், சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறைக்குள் ஒன்று மிச்சம் இருக்கலாம். மேகசினை எடுத்த பிறகு, குழல் பாதுகாப்பான திசையில் இருக்க, ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே நகரும் பகுதி) பின்னுக்கு இழுத்து, அந்த அறையைக் கண்ணாலும் விரலாலும் சரிபார்க்க வேண்டும். அதுவரை மட்டுமல்ல, சுட முடிவெடுக்கும்வரை விரல் ட்ரிக்கர் பக்கமே போகக் கூடாது. விற்பவர் இதைக் கவுண்டரிலேயே செய்துகாட்டலாம். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

- ஒரு வாசகர்