ரசத்துக்கு முன்னால் படிக்கவும்

மதுரை

அன்புள்ள மாப்பிள்ளை,

இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் ரசம் வைக்க வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல். எட்டு மாதமாக ஒரு வரி எழுதாதவன் வந்ததும் அதிகாரம் பண்ணுகிறானே என்று நீ முனகுவது கேட்கிறது. திட்டிக்கொள். பேத்தி பத்தாவது பாஸ், என் முழங்கால் அப்படியேதான். நலவிசாரணை முடிந்தது.

நம்மோடு பிரஸ்ஸில் இருந்த ரத்தினத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். காய் வாங்கப் போனவன் வீட்டுக்கு வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தானாம். "வயசாச்சுல்ல மாமா" என்கிறான் மகன். என்னைத் தெரிந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் நான்கு தடவை, "புரூஃப் போயிடுச்சா?" என்று கேட்டான். கல்யாணப் பத்திரிகையில் 'மகிழ்ச்சி'யை 'இகழ்ச்சி' ஆக்கியவனுக்கு இப்போதுதான் புரூஃப் மேல் அக்கறை என்று சிரித்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும் கொஞ்ச நாளாகப் பெயர்கள் நழுவுகின்றன, மாப்பிள்ளை.

டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். "முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?" என்றாள். இத்தனை வருஷத்தில் ஒரு டாக்டரும் கேட்காத கேள்வி. கம்பாசிட்டர் என்றேன். விழித்தாள். ஈய அச்செழுத்தைக் கேஸ் பெட்டியிலிருந்து பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்குவது என்று விளக்கியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கையோடயே சாப்பிடுவீங்களா?" என்றாள். கழுவிவிட்டு என்று பொய் சொன்னேன். மெஷின் பக்கத்தில் பொட்டலத்தைப் பிரித்து நாம் தின்ற வடை எத்தனை!

பி12, தைராய்டு இவற்றோடு ரத்தத்தில் ஈயமும் பார்க்க எழுதிக் கொடுத்தாள். மறதி என்று வந்தால் முதலில் சரிசெய்யக்கூடியதைத் தேட வேண்டுமாம். முதல் இரண்டும் சரி. ஈயம் டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராம். 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆஃப்செட் அச்சு வந்து நம்மை வீட்டுக்கு அனுப்பி 28 வருஷம் ஆயிற்றே, இன்னுமா என்றேன். ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். ஆனால் கால்சியம் வேஷம் போட்டு எலும்பில் குடியேறியது, பத்து இருபது வருஷமானாலும் காலி செய்யாதாம். வயதாகி எலும்பு தேயும்போது மெல்ல மறுபடி ரத்தத்தில் இறங்கும். பாஸ்டனில் வயதான முன்னாள் ராணுவத்தினரின் முழங்கால் சில்லில் ஈயத்தை அளந்து, வருஷக்கணக்கில் ஞாபகத்தையும் சோதித்திருக்கிறார்கள். சில்லில் அதிகம் இருந்தவர்களுக்கு மூளை வேகமாக மந்தப்பட்டிருக்கிறது. அதற்காக ரத்தினத்தின் மறதிக்கு ஈயம்தான் காரணம் என்று கைகாட்ட முடியாது, பிரஷரும் சர்க்கரையும் கூட மூளையைக் கெடுக்கும் என்று கண்டித்துச் சொன்னாள். பிரஸ் பக்கமே போகாதவனும் தப்பவில்லை. 2000 வரை நம் ஊர் பெட்ரோலிலும் ஈயம் இருந்ததே.

"எலும்பிலேருந்தும் இறங்கலாம். எதுக்கும் வீட்லயும் தேடுங்க" என்று அனுப்பினாள்.

தேடினேன். மஞ்சள்தூளைச் சந்தேகப்பட்டேன், ஜன்னல் பெயின்ட்டைச் சுரண்டினேன். உன் தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் கண் ஈயச் சொம்பில் நின்றது. ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, அதில் குற்றமில்லை. ஆனால் காரீயம், அதாவது ரத்தத்தில் பார்த்த அந்த ஈயம், மலிவு. கலந்துவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்? சொம்பின் விளிம்பை வெள்ளைத் தாளில் அழுத்தி இழுத்தேன். பென்சில் மாதிரி சாம்பல் கோடு. நமக்குத் தெரியாத கோடா அது! பிரஸ்ஸில் விரல் பட்ட காகிதமெல்லாம் அந்த நிறம்தானே. தங்கத்துக்குத் தரம் பார்க்கிற கடையில் எக்ஸ்ரே மெஷினில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய கால் பங்கு காரீயம். அதில்தான் பதினைந்து வருஷமாகப் புளியைக் கொதிக்க விட்டிருக்கிறோம். புளிப்பு பட்டால் ஈயம் கரையும்.

சொம்பை இப்போது அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். "ரசம் ருசியே போச்சு" என்று உன் தங்கச்சி இன்னும் முகம் கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். ரத்தினத்தின் மகனிடமும் பேசிவிட்டேன், இந்தப் பெண்ணிடமே கூட்டிப் போகிறான்.

இப்போது உன் வீட்டுச் சொம்பைக் கையில் எடு. ஒரே கடை, ஒரே நாள், ஜோடியாக வாங்கினால் குறைத்துத் தருவான் என்று பேரம் பேசினவன் நீதான். தாளில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.

உன்
கணேசன்